ஜெர்மன் இலக்கியமும் மொழியியலும் படிக்கப் போகிறீர்களா? முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

ஜெர்மனிக்குப் பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் இலக்கியத்தையும் மொழியியலையும் படிக்கப் போகிறவர்களுக்குத் தமிழில் வழிகாட்டிக் குறிப்புகள் மிகக் குறைவு. இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்காகவும், முடிவு செய்யத் தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தமிழ் வழியாக மொழி உணர்வு பெற்றவர்களுக்கு இந்தத் துறையில் ஒரு பலம் இருக்கிறது. அதைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதே இல்லை என்பதும் இதை எழுத ஒரு காரணம்.

பாடம் எப்படிப்பட்டது?

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையின் பெயர் கெர்மானிஸ்டிக். அதற்கு மூன்று கிளைகள் உண்டு. ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரையிலான இலக்கியம் ஒன்று. 8ஆம் நூற்றாண்டிலிருந்து இடைக்காலத்தின் முடிவு வரையிலான பழைய இலக்கியமும் பழைய மொழியும் இரண்டாவது. மூன்றாவது மொழியியல். இளங்கலையில் பெரும்பாலும் மூன்றையுமே படித்தாக வேண்டும். எழுத்தாளர் காஃப்கா பிடிக்கும் என்பதற்காகச் சேர்ந்துவிட்டு, மொழியின் ஒலிகளை ஆராயும் ஒலியனியலும் 1200ஆம் ஆண்டுக் காவியமும் எதற்கு என்று முதல் பருவத்திலேயே மனம் நொந்தவர்கள் உண்டு. சேருவதற்கு முன்பே பாடத்திட்டக் கையேட்டைத் தரவிறக்கி முழுவதும் படித்துவிடுங்கள். பண்பாடு, சமூக வரலாறு, நாடகம், திரைப்படம் ஆகியவை பொதுவாகத் தனிக் கிளையாக இல்லாமல் இந்த மூன்றுக்குள்ளும் கலந்தே வரும்.

பக்கத்திலேயே வேறு இரண்டு படிப்புகளும் இருக்கின்றன. ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான படிப்பு ஒன்று. அதற்கு லைப்சிக் பல்கலைக்கழகத்தின் ஹெர்டர் நிறுவனம் பெயர் பெற்றது. மற்றொன்று, ஜெர்மன் இலக்கியத்தையும் பண்பாட்டையும் வெளியிலிருந்து வரும் பார்வையோடு ஆராயும் பண்பாட்டிடை கெர்மானிஸ்டிக். பைராய்ட் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனி மரபு உண்டு. ஊருக்குத் திரும்பி ஜெர்மன் ஆசிரியராக வேண்டும் என்பதே குறிக்கோள் என்றால் முதல் படிப்பு பொருத்தமானது. நூல்களோடு வாழ வேண்டும் என்ற ஆசை இருந்தால் கெர்மானிஸ்டிக்குக்கே வாருங்கள்.

இளங்கலை 6 பருவங்கள், 180 கிரெடிட். முதுகலை 4 பருவங்கள், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பல பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்கு இரண்டாவது பாடம் ஒன்றும் கட்டாயம். வரலாறு, தத்துவம், இன்னொரு மொழி என எதையும் எடுக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஜெர்மன் எழுத்துகூடத் தெரியாதவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: இளங்கலையை இந்தியாவில் முடியுங்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் மொழியை அடிப்படையிலிருந்து கற்பித்து இலக்கியம்வரை கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகு முதுகலைக்கு ஜெர்மனி போகலாம். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேருவது பலருக்கு இயலாது. இடையில் ‘ஷ்டூடியன்கொலெக்’ என்ற ஆயத்தப் படிப்பையும் அதன் இறுதித் தேர்வையும் தாண்ட வேண்டியிருக்கும்.

மொழித் தகுதி

பல்கலைக்கழகங்கள் கேட்பது பொதுவாக டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 4ஆம் நிலை, அல்லது டேஎஸ்ஹா தேர்வின் 2ஆம் நிலை. கோத்தே நிறுவனத்தின் சி2 சான்றிதழையும் (ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இது உச்ச நிலை), டெல்க் நிறுவனத்தின் பல்கலைக்கழகத்துக்கான சி1 சான்றிதழையும் பெரும்பாலான இடங்களில் ஏற்கிறார்கள். கெர்மானிஸ்டிக்குக்கு மட்டும் சில துறைகள் ஒரு படி கூடுதலாகக் கேட்கும். அந்தந்தத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவனிலும், கோவையில் கோத்தே மையத்திலும், இலங்கையில் கொழும்பு கோத்தே நிறுவனத்திலும் மொழியைப் படிக்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆயத்தம் முடிந்துவிட்டது என்று நினைப்பது இந்தப் படிப்பில் பெரிய ஆபத்து. சி1 பெற்றவர் வங்கியிலும் மருத்துவமனையிலும் சரளமாகப் பேசுவார். அவரிடம் 1807இல் கிளைஸ்ட் வெளியிட்ட நிலநடுக்கக் கதையைக் கொடுத்தால், முதல் வாக்கியத்திலேயே மூச்சு வாங்கும். அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஊர், நிலநடுக்கம், சிறை, குற்றச்சாட்டு, தற்கொலை முயற்சி எல்லாம் அடங்கியிருக்கின்றன. செமினார் எனப்படும் கலந்துரையாடல் வகுப்பில் வாரத்துக்கு ஒரு நூலும், அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் படித்துவிட்டு வரச் சொல்வார்கள். அப்படி மூன்று நான்கு செமினார்கள் ஒரே சமயத்தில் நடக்கும்.

ஆகவே விமானம் ஏறுவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே வாசிப்பைத் தொடங்குங்கள். சிறிய நூல்களிலிருந்து தொடங்குவது நல்லது: காஃப்காவின் ‘தீர்ப்பு’, ட்ரோஸ்ட ஹியூல்ஸ்ஹோஃப் 1842இல் வெளியிட்ட ‘யூதரின் பீச் மரம்’ என்று தமிழில் சொல்லத்தக்க குறுநாவல், லெஸ்ஸிங்கின் ‘எமிலியா கலோட்டி’ நாடகம். ரெக்லாம் பதிப்பகத்தின் சிறிய மஞ்சள் அட்டைப் புத்தகங்களாக இவை மலிவாகக் கிடைக்கும். 1867 முதல் வந்துகொண்டிருக்கும் அந்த வரிசை இல்லாத கெர்மானிஸ்டிக் மாணவரின் அறையை நான் பார்த்ததில்லை. ஒரு நூலை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை அகராதியைத் தொடாமல் கதையின் போக்கைப் பிடியுங்கள். இரண்டாம் முறை சொல் சொல்லாக. அப்போது ஜெர்மன்–ஆங்கில அகராதியை ஒதுக்கிவிட்டு, ஜெர்மனிலேயே பொருள் சொல்லும் டூடன், டேவேடேஎஸ் ஆகிய இணைய அகராதிகளைப் பயன்படுத்துங்கள். இரண்டும் இலவசம்.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் ஜெர்மன், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நீண்ட அடைகளை அடுக்கும்: ‘கடந்த நூற்றாண்டின் இறுதியில் பலராலும் விமர்சிக்கப்பட்ட கோட்பாடு’ என்பதுபோல. ஆங்கிலத்தில் இந்த அடை பெயருக்குப் பின்னால் போய்விடும். ஜெர்மனில் முன்னாலேயே நிற்கும். நமக்கு இது பெயரெச்சத் தொடர். பள்ளியிலேயே பழகியது. ஆங்கிலம் வழியாக ஜெர்மனைப் படிக்கிறவர் இந்த வாக்கியத்தை உடைத்துத் திருப்பிப் போட வேண்டும். தமிழ் வழியாகப் படிக்கிறவர் வரிசை மாறாமல் அப்படியே படித்துக்கொண்டு போகலாம். துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வருவதும் அதே கதைதான். நம் ஊர் ஜெர்மன் வகுப்புகளில் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே விளக்குவதால் இந்த வசதி வீணாகிறது. வீட்டில் உட்கார்ந்து தினமும் ஒரு பக்கத்தைத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள். சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும்.

விண்ணப்பமும் பணமும்

இதைப் பற்றிச் சொல்ல எத்தனையோ தளங்கள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்காலப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கும். கோடைப் பருவம் ஏப்ரல் 1இல். குளிர்காலப் பருவத்துக்கான கடைசித் தேதி பெரும்பாலும் ஜூலை 15, கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15. துறைக்குத் துறை இது மாறும். முதுகலைக்குச் சில இடங்களில் மாதக் கணக்கில் முன்னதாகவே முடிந்துவிடும். பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவே வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்குகின்றன. இந்தியாவில் படித்தவர்கள் ஏபிஎஸ் அமைப்பிடம் சான்றிதழ்களைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அது தேவைப்படுகிறது. காலம் பிடிக்கும் என்பதால் முதலில் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை கட்டும் பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் இதற்கு விலக்கு. ஹைடல்பெர்க், டூபிங்கன், ஃப்ரைபுர்க் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அங்கே பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுன்ட்’ எனப்படும் கணக்கில் ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. விண்ணப்பிக்கும்போது தூதரகத் தளத்தில் மறுபடி பாருங்கள். டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்பினால் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே தயாராக வேண்டும். ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட், ஹைன்ரிஷ் போல் அறக்கட்டளைகளும் வெளிநாட்டு மாணவர்களை ஏற்கின்றன.

முதல் பருவம்

கால அட்டவணையை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். விரிவுரை என்றால் பேராசிரியர் பேசுவார், மாணவர்கள் கேட்பார்கள். செமினாரில் மாணவர்கள்தான் பேச வேண்டும். டுடோரியம் என்பது மூத்த மாணவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்பு. அது விருப்பப் பாடம் என்று போட்டிருந்தாலும் தவறவிடாதீர்கள். கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அங்கேதான் தயங்காமல் கேட்கலாம். வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும். 10 மணி என்பது 10.15. எஸ்.டி. என்று இருந்தால் சரியாக 10 மணி.

பருவத்துக்கு 30 கிரெடிட் என்பது திட்டத்தின் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர் முதல் பருவத்தில் 20 கிரெடிட் அளவுக்கு எடுத்தாலே போதும் என்பது என் கருத்து. மிச்ச நேரம் வாசிப்புக்கு.

செமினாரில் ‘ரெஃபராட்’ என்ற உரை ஒன்றைக் கொடுப்பார்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தொடக்க வாரங்களில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அப்போது எல்லோருமே தடுமாறிக்கொண்டிருப்பார்கள், எதிர்பார்ப்பும் குறைவு. ஒன்று அல்லது இரண்டு பக்கத்தில் சுருக்கக் குறிப்பு அச்சிட்டுக் கொடுங்கள். முழு உரையையும் பார்த்துப் படிக்காதீர்கள். முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்; அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் பதற்றம் அடங்கிவிடும்.

பேராசிரியர்களைச் சந்திக்க ‘ஷ்பிரெஹ்ஷ்டுண்டே’ என்று வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நம் ஊரில் ஆசிரியர் அறைக்குப் போவது தண்டனை வாங்கப் போவதுபோல் இருக்கும். அங்கே போகாமல் இருப்பதுதான் அக்கறையின்மையாகத் தோன்றும். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் கிடைக்கும்.

இடைக்கால ஜெர்மனைக் கண்டு அஞ்ச வேண்டாம்

புதிதாக வருகிறவர்களை அதிகம் பயமுறுத்துவது இந்தப் பகுதி. ஏறத்தாழ 1050 முதல் 1350 வரை வழங்கிய மத்திய உயர் ஜெர்மனில் நூல்களைப் படித்து, தற்கால ஜெர்மனில் பெயர்த்து எழுதும் தேர்வு இருக்கும். இன்றைய ஜெர்மன் மட்டும் தெரிந்தவருக்கு நீபலுங்கன் காவியம் பாதி புரியும், பாதி தவறாகப் புரியும். உங்களுக்கு மட்டும் அப்படி என்று எண்ண வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஜெர்மன் மாணவருக்கும் இதே நிலைதான். பலரும் அந்த மொழியைப் பள்ளியில் படித்திருக்கமாட்டார்கள். மொத்தப் படிப்பிலும் அவரும் நீங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்று தொடங்கும் இடம் இது. அவருக்குத் தெரிந்த இன்றைய பொருளே அவரைத் தவறான பாதையில் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு.

தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ பள்ளியில் தமிழ் படித்தவருக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. குறுந்தொகையையும் சிலப்பதிகாரத்தையும் அருஞ்சொற்பொருளோடும் உரையோடும் படித்து வளர்ந்தவர்கள் நாம். தன் மொழியின் பழைய வடிவம் ஒன்று உண்டு, அதைச் சொல் பிரித்து, உரை பார்த்து, மெல்லப் படிக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. அதே பொறுமையோடு உட்காருங்கள்.

முதலில் ஒலிமாற்ற விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய நெடில் உயிர்கள் மூன்று பிற்காலத்தில் கூட்டுயிர்களாக மாறின: ‘ஹூஸ்’ என்று இருந்த வீடு இன்று ‘ஹவுஸ்’, ‘மீன்’ என்று இருந்தது இன்று ‘மைன்’, அதாவது என்னுடைய. இப்படி இரண்டு மூன்று விதிகள் தெரிந்தால் பக்கத்தில் உள்ள சொற்களில் பெரும்பகுதி அடையாளம் தெரிந்துவிடும். அச்சுப் பதிப்புகளில் எழுத்தின் மேல் கூரைக் குறி இருந்தால் அது நெடில். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குத் தெரியாத உறவு காதுக்குக் கேட்கும். லெக்ஸர் தொகுத்த மத்திய உயர் ஜெர்மன் அகராதி ட்ரியர் பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாக இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பேரகராதியும் அங்கேயே இருக்கிறது. 1854இல் முதல் தொகுதி வெளிவந்து 1961இல்தான் முடிந்த வேலை அது. சோர்வாக இருக்கும் நாளில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் மானெஸ்ஸ சுவடியைத் திறந்து பாருங்கள். இடைக்காலக் கவிஞர்களின் 137 முழுப்பக்க ஓவியங்கள், ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும்.

மொழியியல்

ஒலியனியல் (ஒலிகள்), உருபனியல் (சொல்லமைப்பு), தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (பொருள்), பயன்வழியியல் (சூழலில் மொழிப் பயன்பாடு) என்று வழக்கமான வரிசையில் அறிமுகம் இருக்கும். ஜெர்மன் தொடரியலின் அடிப்படைக் கருவி, வாக்கியத்தைக் களங்களாகப் பிரிக்கும் முறை. வினையின் இரு பகுதிகள் அடைப்புக்குறிபோல் இருபுறமும் நிற்க, நடுவே மற்றவை வரும். இதை முதல் மாதத்திலேயே கைவசப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஜெர்மனின் அடிப்படை அமைப்பே வினை கடைசியில் வருவதுதான் என்று பல மொழியியலாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தைப் பற்றி விவாதம் வரும்போது தமிழிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள். வகுப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

தரவு தேடப் பழகுங்கள். மன்ஹைமில் உள்ள ஜெர்மன் மொழி நிறுவனத்தின் தரவகத்தை, அதாவது உண்மையான எழுத்து வழக்கிலிருந்து திரட்டிய மொழித் தொகுப்பை, இலவசமாகப் பதிவு செய்து பயன்படுத்தலாம். தாய்மொழியாளரின் உள்ளுணர்வு இல்லையே என்ற குறையை அது பெருமளவு ஈடுசெய்கிறது.

ஆய்வுக் கட்டுரை எழுதுதல்

இந்தப் படிப்பில் மதிப்பெண் தீர்மானமாவது பெரும்பாலும் ‘ஹவுஸ்ஆர்பைட்’ என்ற கட்டுரையில்தான். தொடக்க செமினார்களில் ஏறக்குறைய 12 முதல் 15 பக்கம். வகுப்புகள் பிப்ரவரியிலோ ஜூலையிலோ முடிந்த பிறகு, வகுப்பில்லாத வாரங்களில் எழுத வேண்டும். அதை விடுமுறை என்று நம்பி ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். போவதாக இருந்தால் நூலக வேலையை முடித்துவிட்டுப் போங்கள்.

முதல் படி, கேள்வியைச் சுருக்குவது. ‘காஃப்காவின் படைப்புகளில் தனிமை’ என்று எழுதத் தொடங்கினால் 15 பக்கத்தில் எதுவும் சொல்ல முடியாது. ‘தீர்ப்பு’ கதையில் படுக்கையில் கிடந்த தந்தை எழுந்து நிற்கும் இடத்திலிருந்து மகனின் பேச்சு எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். வரிகளைக் காட்டி வாதிடலாம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போங்கள். அவர் தலையசைத்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.

அடுத்தது பதிப்பு. இணையத்தில் கிடைக்கும் எந்தப் பிரதியையும் மேற்கோள் காட்டிவிட முடியாது. ஏன் என்பதற்கு பியூஷ்னரின் ‘வாய்செக்’ நாடகம் நல்ல சான்று. 1837இல் தம் 23ஆம் வயதில் பியூஷ்னர் இறந்தபோது அந்த நாடகம் முடியாத கையெழுத்துப் படிகளாகக் கிடந்தது. காட்சிகளின் இறுதி வரிசையை அவர் விட்டுப்போகவில்லை. 1879இல் அதைப் பதிப்பித்த ஃப்ரான்சோஸ் பெயரையே ‘வோட்செக்’ என்று தவறாகப் படித்தார். அல்பான் பெர்க்கின் இசைநாடகத்தில் அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நாடகம் எந்தக் காட்சியில் தொடங்குகிறது என்பதே பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி ஒப்பிட்ட உ.வே.சாமிநாதையரின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும். நூலகத்தில் ஆய்வுப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். வகுப்புக்கு மஞ்சள் புத்தகம் போதும்.

மூன்றாவது, பிறர் எழுதியவை. துறையின் நூற்பட்டியல் தரவுத்தளத்தில் தேடி, ஐந்தாறு கட்டுரைகளை முழுமையாகப் படியுங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். படித்தவற்றைத் தொகுத்துச் சொன்னால் தேர்ச்சி கிடைக்கும். நல்ல மதிப்பெண் வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றோடாவது உடன்படாமல் வாதிட வேண்டும். பெரிய அறிஞரை மறுப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அங்கே ஆதாரத்தோடு மறுப்பதுதான் அவரை மதிப்பதற்கு அடையாளம்.

எழுதும்போது, கதைசொல்லியை ஆசிரியரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘காஃப்கா இங்கே சொல்ல வரும் கருத்து’ என்று ஒரு வரி எழுதினாலும் விளிம்பில் சிவப்புக் கோடு விழும். ‘ஒப்பற்ற’, ‘காலத்தால் அழியாத’ போன்ற புகழ்மொழிகளையும் விட்டுவிடுங்கள். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கட்டாயம். கட்டுரையின் இறுதியில், இது என் சொந்த உழைப்பு என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மொழிப் பிழை திருத்தப் பல பல்கலைக்கழகங்களில் எழுத்து மையம் உண்டு. கடைசி வாரத்தில் அங்கே இடம் கிடைக்காது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

மதிப்பெண் 1.0 என்றால் மிகச் சிறப்பு, 4.0 வரை தேர்ச்சி. முதல் கட்டுரைக்கு 3.0 வந்தால் மனம் உடைய வேண்டாம். கருத்துரை கேட்டு மறுபடி சந்திப்பு நேரத்துக்குப் போங்கள். அடுத்த கட்டுரைக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறெங்கும் கிடைக்காது.

நமக்கென்று காத்திருக்கும் தரவுகள்

இரண்டாம் ஆண்டில் சொந்தமாகத் தலைப்புத் தேடும்போது ஹாலே நகரத்தை நினைவில் வையுங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கும், அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்குள்ள ஃப்ராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த அறிக்கைகளை 18ஆம் நூற்றாண்டில் தொடர் வெளியீடாகவே அச்சிட்டார்கள். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த ஜெர்மன் நூல் 1867இல்தான் அச்சேறியது. தமிழ்ச் சொற்களை ஜெர்மன் எழுத்தில் எப்படி எழுதினார்கள், தமிழர்கள் சொன்னதை எந்த மொழிநடையில் அங்கே பதிவு செய்தார்கள் என்ற கேள்விகளுக்கு இரண்டு மொழியும் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அங்கே மிகக் குறைவு.

அதற்கு ஒரு முன்தயாரிப்பு உண்டு. பழைய ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மானியர்களாலேயே எளிதில் படிக்க முடியாதது. பல பல்கலைக்கழகங்களும் காப்பகங்களும் அதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. முதலில் ஃப்ராக்டூர் என்ற பழைய அச்செழுத்தை வீட்டிலேயே பழகிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் பயிற்சியில் சேருங்கள். காப்பகத்துக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, எந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்பதைப் பட்டியல் எண்ணோடு மின்னஞ்சலில் எழுதுங்கள். உங்கள் பேராசிரியரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்கட்டும்.